டெய்லர் கண்டுபிடித்த கட்டி

ஏகாம்பரம் அண்ணன் என் தொடையை மூன்றாவது முறையாக அளந்தார். டேப்பைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அந்த டேப்பைச் சுருட்டித் தையல் மெஷினுக்கு அடியில் விட்டெறிந்தார்.

"என்ன அண்ணே, டேப்பு மேல கோவம்?" என்றேன்.

"நீ இங்கயே நில்லு. நான் போயி புது டேப்பு வாங்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில், பாதி தைத்த பள்ளிக்கூடப் பாவாடைகளுக்கு நடுவே நான் மட்டும் நின்றேன். வெளியே நெடுஞ்சாலையை நாலு வழியாக்க வெட்டிப் போட்டிருந்த புழுதி கடைக்குள் வந்து என் மேல் படிந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

விடுதிக் கொசுக்களைப் பற்றிப் போன வாரம் இந்தப் பகுதியில் நான் புலம்பியதைப் படித்துவிட்டு, "உங்களுக்கு அந்த ஊரில் நல்லதே நடக்கவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நடந்தது அம்மா. அந்த டெய்லர் கடையில்தான் நடந்தது.

மூன்று சைஸ் மனிதர்கள்

எங்கள் கம்பெனி கார்களுக்குச் சீட் செய்து கொடுக்கும் கம்பெனி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு செட் யூனிபாரம் தருவார்கள். சாம்பல் சட்டை, நீலப் பேண்ட். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே அளவு. உலகத்தில் மூன்று விதமான மனிதர்கள்தான் உண்டு என்று அதைத் தைத்தவர்கள் நம்பினார்கள் போலிருக்கிறது.

நாங்களோ சங்கரன்கோவில், விளாத்திகுளம், பரமக்குடி என்று தெற்கேயிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த டிரெய்னிகள். சின்ன அளவுச் சட்டையே எங்கள் மேல் கொடியில் காய்வது போலத் தொங்கும். அதனால் யூனிபாரம் கைக்கு வந்த அன்றே எல்லோரும் ஏகாம்பரம் அண்ணன் கடையில் நிற்போம். இடுப்பைப் பிடித்து, தோளை ஏற்றி, எங்களை ஆளாக்கி அனுப்புவார்.

ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். அதில் பெயர்கள் கிடையாது, எங்கள் கம்பெனி டோக்கன் நம்பர்தான். கீழே கழுத்து, மார்பு, இடுப்பு, தொடை. என் பெயர் கடைசிவரை அவர் வாயில் நுழையவில்லை. "நானூத்திப் பன்னெண்டா, வா" என்பார்.

தன் தையலில் தப்பு என்று யாராவது சொன்னால் மனிதருக்குப் பொறுக்காது. பேண்டில் ஒரு கால் நீளம் என்று ஒரு சூப்பர்வைசர் சண்டைக்கு வந்தார். அண்ணன் அவரை மேஜை மேல் ஏற்றி நிற்க வைத்து, பேண்டை விட்டுவிட்டுக் காலை அளந்து, இடது கால் அரை அங்குலம் குட்டை என்று கடையிலிருந்த அத்தனை பேருக்கும் காட்டினார். அந்த சூப்பர்வைசர் அதற்குப் பிறகு ஒரு மாதம் நடந்த நடையே வேறு.

அப்படிப்பட்டவர் புது டேப்போடு திரும்பி வந்தார். மறுபடி அளந்தார். நோட்டைத் திறந்து பழைய கணக்கின் மேல் விரலை வைத்துப் படித்தார்.

"கழுத்து பதினாலு, இப்போ பதினாறரை. இடுப்பு இருபத்தெட்டு, இப்போ முப்பத்தாறு. சரி, துன்ற, ஊதற. தொட இருபது இருந்துச்சு, இப்போ பதினேழரை. ஏம்பா, குண்டாவற ஆளு தொடைய எங்க வெச்சிட்டு வந்த?"

"மெஸ் சாப்பாடு அண்ணே."

"மெஸ் சோறு தொடைக்கு மட்டும் போவாதா?"

 பேண்டை வாங்கிக்கொண்டு சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

என் கன்னத்துக்குச் சொந்தக்காரர்கள்

நான் அந்த ஊருக்கு வந்து இறங்கியபோது ஒட்டடைக் குச்சி. பள்ளிக்கூடத்திலிருந்தே அதுதான் என் பட்டப்பெயர். வந்த ஒன்றரை வருஷத்தில் முகம் உப்பி, பூரணச் சந்திரன் போல உருண்டை ஆனது. கன்னம் இரண்டும் வெயிலில் நின்றவன் போலச் சிவந்திருக்கும். கண்ணாடியில் பார்த்து நானே திருப்திப்பட்டது வாழ்க்கையில் அப்போதுதான் முதல் தடவை.

இந்தக் கன்னத்துக்கு உடனே சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். முதல் ஆள் மெஸ் தங்கராஜ் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். தெருவைப் பார்த்த முதல் மேஜையை எனக்கென்றே ஒதுக்கிவிட்டார். புதிதாக வரும் பையன்கள் வாசலில் தயங்கினால் என்னைக் காட்டுவார்.

"இந்தப் பய வரும்போது எப்படி இருந்தாம் தெரியுமா? காத்தடிச்சா விழுந்துருவான். இப்பம் பாருங்க, மொகத்துல என்ன மினுமினுப்பு. எல்லாம் நம்ம கைப்பக்குவம்."

நான் வாயில் சோற்றோடு தலையாட்டுவேன். அதற்குக் கூலியாக என் இலையில் மட்டும் இன்னொரு துண்டு மீன் விழும்.

இரண்டாவது சொந்தக்காரி என் அம்மா. ஊருக்குப் போக லீவு கிடைக்காததால் ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினால், "எய்யா, மூஞ்சி நெறைஞ்சுட்டு. நான் கொடுத்துவிட்ட பருப்புப் பொடிதான். ரெண்டு வீட்டுல பொண்ணு தாரேம்னு கேக்காவ" என்பாள். அண்ணாச்சியின் மீனைப் பற்றி நான் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

நான் மறைத்தது

இவ்வளவு பேர் சந்தோஷமாக இருக்கும்போது, பஸ் படி ஏற முடியவில்லை என்று நான் எப்படிச் சொல்வது?

கம்பெனி பஸ்ஸின் முதல் படி உயரம். காலைத் தூக்கி வைத்துவிடுவேன், ஆனால் உடம்பு எழும்பாது. கம்பியைப் பிடித்துக் கையால் என்னையே இழுத்துப் போட்டுக்கொள்வேன். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும். லைனில் சீட்டுக்கு அடியில் போல்ட் முடுக்கிவிட்டு நிமிரும்போது பக்கத்து டிராலியைப் பிடித்துக்கொள்வேன்.

வயிற்றில் கோடு கோடாக விழுந்திருந்தது. வெள்ளைக் கோடு இல்லை, கத்தரிப்பூ நிறத்தில் விரல் அகலத்துக்கு. பெல்ட் இறுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கே லேசாக இடித்தாலும் தோல் கன்றிப் போகும். படுத்தால் தூக்கம் வராது. சட்னியில் உப்பில்லை என்று ஒரு நாள் கை கழுவாமல் எழுந்து கத்தினேன். பிறகு அறைக்கு வந்து, சட்னிக்காகவா கத்தினோம் என்று அழுதேன்.

யாரிடமும் சொல்லவில்லை. காரணம் பர்மனென்ட் வேலை. இரண்டு வருஷ டிரெய்னிங் முடிய நாலு மாதம்தான் பாக்கி. முடிந்ததும் மெடிக்கல் பரிசோதனை. உடம்புக்கு முடியாத டிரெய்னியை வைத்துக்கொள்வார்களா? அப்பா இல்லாத வீட்டில் தங்கை பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கால் போனால் வேலை போகும், வேலை போனால் எல்லாம் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் காலைப் பற்றி வாயே திறக்கவில்லை. இப்போது எழுதும்போது அந்தப் பையனைப் பிடித்து நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

நோட்டும் கையுமாக

டேப் வீசிய நாளுக்கு இரண்டு வாரம் கழித்து, மழைத் தூறலில் பஸ் கம்பி வழுக்கியது. படியில் முகங்குப்புற விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே தோல் காகிதம் போலக் கிழிந்துவிட்டது. டிரைவர் இறங்கி வந்து தூக்கினார். பேண்டும் கிழிந்திருந்தது. கிழிந்த பேண்டோடு மாலையில் எங்கே போவேன்? ஏகாம்பரம் அண்ணனிடம்தான்.

அவர் பேண்டைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். என் பின்னால் போய்ப் பிடரியைத் தடவினார்.

"இங்க ஒரு மேடு கீது. அதான் காலரு பின்னாடி தூக்கினு நிக்குது. அன்னைக்கே பாத்தேன். நம்ம தையல்தான் கோணல்னு நெனச்சி ரெண்டு ராத்திரி தூங்கல தெரியுமா?"

"ஒண்ணுமில்ல அண்ணே."

"இருவது வருசமா ஆம்பள ஒடம்ப அளந்துகினு கீறேன். குண்டானா எல்லாம் குண்டாவும். எளச்சா எல்லாம் எளைக்கும். உன்னுது பாதி ஊதுது, பாதி வத்துது. இது துன்ற ஒடம்பு இல்லப்பா. உள்ள இன்னாவோ தப்பா கீது."

நான் பர்மனென்டைப் பற்றிச் சொன்னேன். மெடிக்கல் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன்.

"நாலு மாசத்துல நீ பர்மனென்ட் ஆவ மாட்ட. படுத்த படுக்கையாத்தான் ஆவ" என்றார். அவ்வளவு நாள் உள்ளே அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் உடைந்தது. பாவாடைத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அவர் கடைக்கு ஷட்டர் இறக்கினார். மறுநாள் காலை என்னையும் அந்த நீள நோட்டையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினார்.

"டேப்பு புதுசும்மா"

பெரிய அரசு ஆஸ்பத்திரி. வரிசையில் நின்று நின்று, மத்தியானம் ஓர் இளம் பெண் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் நோட்டை விரித்து மேஜையில் வைத்துவிட்டார்.

டாக்டர் முதலில் எரிச்சலாகத்தான் பார்த்தார். பிறகு இழுத்து வைத்துப் படித்தார். "இதை யார் எழுதினது?" என்றார்.

அண்ணன் நிமிர்ந்து நின்றார். "நாந்தாம்மா. டேப்பு புதுசும்மா."

டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். வயிற்றுக் கோடுகளைப் பார்த்தார். கையின் மேல் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பிரஷர் பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். நாற்காலியில் உட்கார வைத்து, கையைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார். முடியவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா? உடம்பு தேற பவுடர், வலி ஊசி, லேகியம்? சில மருந்தை மாசக்கணக்கா எடுத்தாலும் இதே மாதிரி முகம் உப்பும்."

"இல்ல டாக்டர். மெஸ் சாப்பாடு மட்டும்தான்."

"மெஸ்ல எதுவும் கலக்க மாட்டாங்களே?"

அவர் சும்மாதான் கேட்டார். ஆனால் ஊர் திரும்பியதும் அண்ணன் இதை அப்படியே தங்கராஜ் அண்ணாச்சியிடம் ஒப்பித்துவிட்டார். என் கன்னத்துக்கு அதுவரை சொந்தம் கொண்டாடிய மனிதர் ஒரே நிமிடத்தில் கையைக் கழுவினார். "எங்கம்மா சத்தியமா சொல்லுதேன், நான் எதையும் கலக்கல. நான் போடுத சோத்துக்கு இவ்ளோ கன்னமெல்லாம் வராது" என்றார். அன்றிரவே முதல் மேஜையிலிருந்து என்னைத் தூக்கிக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்.

கேன்

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம், அட்ரினல் என்று பெயர். அது அளவாகச் சுரக்க வேண்டியதை அளவில்லாமல் கொட்டுகிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அதைப் பார்க்க ஒரு முழு நாள் சிறுநீரையும் ஒரு கேனில் சேர்த்து, குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

அண்ணாச்சியின் பிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வையை எழுத என்னால் ஆகாது. மீன்காரரிடம் ஐஸ் வாங்கி ஒரு வாளியில் போட்டு, அதற்குள் கேனை இறக்கிச் சென்னை பஸ்ஸில் ஏறினேன்.

தண்டலத்தில் ஏறிய ஒரு பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். வாளியை எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி அது, எண்ணெயா?"

"இல்லம்மா."

"பதநியா? எங்க வாங்கின? நல்லா கீதா?"

பூந்தமல்லி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கடைசியில், "தராட்டி போ, ஐஸ் போட்டு எடுத்துனு போற அளவுக்குக் கருமி" என்று திட்டிவிட்டு இறங்கிப் போனார். பதினைந்து நாள் கவலையை மறந்து அந்த பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்தேன்.

சோதனைகள் எல்லாம் ஒரே பதிலைச் சொன்னன. ஸ்கேனில் இடது சுரப்பியில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. "பார்க்கக் கெட்டதா தெரியலை. ஆனா எடுத்துப் பார்த்தாதான் உறுதியா சொல்லலாம். எடுக்காம விட்டா பிரஷர், சர்க்கரை, எலும்பு எல்லாத்தையும் கெடுக்கும்" என்றார் டாக்டர். கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்தேன். டிரெய்னிக்கு அவ்வளவு லீவு கிடையாது என்று கொடுக்கும்போதே சொன்னார்கள்.

அம்மா வந்தாள்

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில் அம்மா ஊரிலிருந்து வந்தாள். வார்டு வாசலில் பையோடு நின்று பார்த்தாள். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் கட்டிலையும் பார்த்து, தாண்டிப் போனாள். கடைசிக் கட்டில்வரை போய்த் திரும்பி வந்தாள். மறுபடியும் என்னைத் தாண்டினாள். போட்டோ எடுத்ததற்குப் பிறகு என் முகம் இன்னும் உப்பிப்போயிருந்தது.

 அவளாகவே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தது. மூன்றாவது தடவைதான், "அம்மா" என்றேன்.

குரலைக் கேட்டுத் திரும்பியவள் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வைக்கு வெளியே தெரிந்த காலைப் பார்த்தாள். குச்சிக் கால். கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மூஞ்சியையா நான் ஊரு பூரா காட்டிட்டு இருந்தேன்" என்றாள். 

தூங்கிப்போன சுரப்பி

கட்டியை எடுத்தார்கள். கெட்டது இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில மாதங்கள் முன்னைவிட மோசம். உடம்பெல்லாம் வலி, எழுந்தால் தலைசுற்றல். இத்தனை நாள் இடது பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டியதில் வலது சுரப்பி தூங்கிப்போயிருந்ததாம். லைனில் ஒருவனே எல்லா ஓவர்டைமும் பார்த்தால் அடுத்தவன் தூங்காமல் என்ன செய்வான்? அது விழிக்கும்வரை மாத்திரை. ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சொல்லியிருந்தார்.

மெல்ல மெல்லக் கன்னம் வடிந்தது. கோடுகள் வெளுத்தன. தூக்கம் வந்தது. சட்னியில் உப்பில்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், ஊரே துக்கம் கொண்டாட ஆரம்பித்தது அப்போதுதான். "ஐயோ, எப்படி இருந்த பையன்" என்று டீக்கடையில் உச்சுக்கொட்டினார்கள். பெண் தருவதாகச் சொன்ன இரண்டு வீடும் பேச்சை நிறுத்திக்கொண்டன. தங்கராஜ் அண்ணாச்சி என்னை ஓரமாக அழைத்து, "தப்பா நெனைக்காத, கொஞ்ச நாளைக்கு பார்சல் வாங்கிக்க. பாக்குதவன் என் சாப்பாட்டப் பத்தி என்ன நெனப்பான்?" என்றார். பார்சலில் மீன் இரண்டு துண்டு இருந்தது.

மெடிக்கல்

என் கூட வந்த பையன்கள் எல்லாம் பர்மனென்ட் ஆகிவிட்டார்கள். என்னை நீக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. மூன்று மாதம் தொங்கலில் வைத்து, கம்பெனி டாக்டர் சொல்வதுதான் முடிவு என்றார்கள்.

மஞ்சள் காமாலை என்று சொல், ஆபரேஷன் பைலைக் காட்டாதே என்று பையன்கள் சொல்லிக் கொடுத்தார்கள். மறைத்து நான் கண்ட லாபம் போதும். பைலை முழுதாக எடுத்துக்கொண்டு போனேன்.

கம்பெனி டாக்டர் வயதானவர். வாரத்தில் இரண்டு நாள் வருவார். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை தருவார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அன்று என் பைலைக் கடைசித் தாள்வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் ஆள் எடுக்கும் பர்சனல் ஆபீசர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லைன்ல ஒரு ஷிப்டுக்கு எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்திருக்கணும்?"

"ஒரு சீட்டுக்கு ஒரு தடவை சார்."

"முடியுமா?"

முடியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் நம்ப வேண்டுமே என்று தோன்றியது. செருப்பைக் கழற்றினேன். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு அந்த டைல்ஸ் தரையில் குந்தி உட்கார்ந்தேன். எழுந்தேன். சுவரும் இல்லை, டிராலியும் இல்லை.

"சரி" என்றார் டாக்டர்.

நான் மறுபடி உட்கார்ந்து எழுந்தேன். மறுபடியும். மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது. அந்த எரிச்சல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"போதும்பா, எழுதிட்டேன்" என்று ஆபீசர் சொன்னது காதில் விழுந்தது. அவர் எழுதியது வேலைக்குப் போதும் என்று. நான் இன்னும் ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்தேன்.